போடிமெட்டு ஏற்றமும் இடுப்பில் குத்தும் ரிவால்வர் உறையும்

கேள்வி: போடி ஏலத்தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. வீடு போடிநாயக்கனூரில்; ஏலத்தோட்டம் பூப்பாறைக்கு அப்பால். வாரத்தில் மூன்று நாள் முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி இறங்குகிறேன். சனிக்கிழமைகளில் பட்டுவாடாப் பணமும் என்னோடுதான் மேலே போகும். தற்காப்புக்கென உரிமம் பெற்ற பாயிண்ட் 32 ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறேன். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. மூன்று அங்குலக் குழல். 700 கிராம் எடை. உரிமத்தின் செல்லுபடிப் பகுதியில் தமிழ்நாட்டோடு கேரளமும் எழுதப்பட்டிருப்பதால் அந்த விவாதம் இங்கே வேண்டாம். என் தொல்லை முழுவதும் உறையைப் பற்றியது.

துப்பாக்கி வாங்கிய கடையில் கொடுத்த, மேலே மூடி போட்டுப் பொத்தான் வைத்த தோலுறையைத்தான் இதுவரை வலது இடுப்பில், சற்றுப் பின்தள்ளிக் கட்டி வருகிறேன். நடக்கும்போது அது இருப்பதே தெரியாது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் கதை மாறிவிடுகிறது. உறையின் அடி இருக்கையில் முட்டித் துப்பாக்கியை மேலே தள்ள, பிடியின் முனை கடைசி விலா எலும்பில் குத்துகிறது. முந்தலைத் தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் நான் இடது பக்கம் சாய்ந்து ஓட்டத் தொடங்கிவிடுகிறேன். மேலே போய் ஸ்டோரில் கணக்கு எழுத உட்கார்ந்தால், அங்கிருக்கும் கைவைத்த நாற்காலியின் கைப்பிடி அதே இடத்தில் இடிக்கிறது.

வலி தாங்காமல் போன மாதம் ஒரு மடத்தனம் செய்தேன். உறையோடு கழற்றி வலது தொடையடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒரு வளைவில் அழுத்திப் பிரேக் போட்டபோது, உறை நழுவித் தரையில் விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. வண்டி ஏற்றத்தில் இருந்ததால் தப்பினேன். இறக்கமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் எழுதியதுதான் கிடைக்கிறது. இடது பக்கம் குறுக்காகக் கட்டும் உறைதான் வண்டி ஓட்டுவோருக்கு உகந்தது என்று பலர் சொல்கிறார்கள். தோளில் மாட்டுவதே சிறந்தது என்று வேறு சிலர். நான் வலக்கைக்காரன். கொஞ்சம் தொந்தியும் உண்டு. உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் ஒருவருக்கு எது சரிப்படும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சித்தூர்க்காரர் (பாலக்காடு), முன்னாள் படைவீரர்

ஐயா, உங்கள் உறை கெட்ட உறை அன்று; அது நிற்பவருக்காகத் தைத்தது. நிற்கும்போது இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் கடைசி விலாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கை அகலம் இருக்கும். உட்கார்ந்து ஸ்டீயரிங்கை நோக்கிச் சற்றுக் குனிந்தால் அது இரண்டு மூன்று விரல் அகலமாகச் சுருங்கிவிடும். அந்தச் சந்தில்தான் உங்கள் ரிவால்வரின் பிடி நிற்கிறது. எனவே, எந்த உறை என்று கேட்பதற்கு முன்னால், இடுப்பின் எந்த இடத்தில், பெல்ட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு சாய்வாக என்ற மூன்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தோலா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் பிறகு.

அமெரிக்கர் எழுதியதைப் படிப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அவர்கள் வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆகவே ஓட்டுநருக்குச் சீட் பெல்ட்டின் கொக்கி வலது இடுப்பருகே விழும். வலது இடுப்பில் துப்பாக்கி கட்டினால் கொக்கியும் உறையும் மோதும். அதனால்தான் கொக்கி இல்லாத, கதவுப் பக்கமான இடது இடுப்புக்கு அவர்கள் ஓடுகிறார்கள். நமக்கு எல்லாமே தலைகீழ். கொக்கி இடது இடுப்பருகே, கதவு வலப்பக்கம். அவர்கள் சொன்னபடியே இடது இடுப்பின் பக்கவாட்டில் கட்டினால் நாம் நேராகக் கொக்கியின் மேல்தான் கட்டுவோம். கியரையும் மறந்துவிடக் கூடாது. அங்கே பெரும்பாலும் தானியங்கிக் கியர். நமக்கோ மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் இடது கை கியருக்குப் போய் வரும். இடது இடுப்பின் பக்கவாட்டில் பிடி நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கை ஒவ்வொரு முறையும் அதில் உரசும்.

தொப்புளைக் கடிகாரத்தின் 12 என்றும் வலது இடுப்பெலும்பை 3 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் கட்டுவது 4 மணியில். அங்கே இருக்கையின் பக்கத் திண்டும் முதுகுச் சாய்வும் சேர்ந்து உறையை நெருக்கும். 3 மணியில் கட்டினால் திண்டு விலகும். ஆனால் வலப்பக்க இருக்கையடியிலிருந்து வரும் சீட் பெல்ட்டின் மடிப்பட்டை உறையின் மேல் ஏறும், கதவும் முழங்கையை இடிக்கும். 5, 6 மணிகளில், அதாவது முதுகில், யார் சொன்னாலும் கட்டாதீர்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் அந்த இரும்பு தண்டுவடத்தில் பதியும்.

உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது பத்தரை மணி. அதாவது தொப்புளுக்கும் இடது இடுப்பெலும்புக்கும் நடுவில், பிடி வலக்கையை நோக்க, குறுக்காக, பெல்ட்டுக்கு மேலே உயர்த்திக் கட்டுவது. அங்கே கொக்கி எட்டாது, கியர் போடும் கை உரசாது, நாற்காலியின் கைப்பிடியும் இடிக்காது. மூன்று அங்குலக் குழல் என்பதால் அதன் நுனி தொடையில் முட்டுவதும் குறைவு. இதற்கும் குறை உண்டு என்பதை மறைக்கவில்லை. குழலின் வாய் இடப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் உங்கள் அருகில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாய்வு மிகுந்தால் குழல் அவருடைய தொடையைப் பார்க்கும். ஆகையால், விலாவில் குத்தாத அளவுக்குச் சாய்வு போதும். அழகுக்காகப் படுக்கவைக்க வேண்டாம்.

சீட் பெல்ட் பற்றி ஒரு சொல். மடிப்பட்டை எப்போதும் துப்பாக்கிக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும். துப்பாக்கியின் மேல் பட்டை ஓடினால், மோதலின்போது பட்டை இறுகி அந்த 700 கிராம் இரும்பை வயிற்றுக்குள் அழுத்தும். முதலில் பட்டையை மாட்டி, துப்பாக்கிக்கு அடியில் இழுத்துப் படியவைத்து, அதன்பின் சட்டையை மேலே விடுங்கள்.

கணுக்கால் உறை உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும் என்பார்கள். வலக்கைக்காரர் அதை இடது காலின் உட்புறம் கட்டுவது வழக்கம். உங்களுக்கு அது கிளட்ச் கால். போடிமெட்டு வளைவுகளில் அந்தக் காலில் முக்கால் கிலோ தொங்கவேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் காந்தம் வைத்து ஒட்டுவது, இருக்கையோரம் பை தொங்கவிடுவது ஆகியவை இன்னும் மோசம். விசை, அதாவது சுட விரலால் இழுக்கும் பகுதி, மூடப்படாமல் தொங்கும் துப்பாக்கி பள்ளத்தில் குலுங்கி விழுவதும், தொடையடியிலிருந்து நழுவுவதும் ஒன்றே. 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளும், பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு இணைத்த உறையிலோ அதற்கான பையிலோ முழுவதும் மறைந்து, எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கின்றன.

ஒரு செலவில்லாத சோதனை சொல்கிறேன். உண்மைத் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டு, அதன் வெளிவடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, அதே அளவில் தச்சரிடம் ஒரு கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் இருக்கும் இடத்தில் மூன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். அதைப் பழைய துணிப் பட்டையால் பெல்ட்டில் கட்டிக்கொண்டு மேலே போய் வாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் இடத்தை ஒரு விரல் நகர்த்துங்கள். கடையில் நின்றபடி நூறு உறை பார்ப்பதைவிட உங்கள் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்வது அதிகம் சொல்லும்.

பதில் 2: பேரணாம்பட்டு, தோல் தைப்பவர்

வணக்கம் ஐயா. எங்கள் ஊரில் தோல் பதனிடுவோர்தான் அதிகம். நான் பெல்ட், பை, எப்போதாவது துப்பாக்கி உறை தைப்பவன். இடத்தைப் பற்றி முன்னாள் படைவீரர் ஐயா சொன்னது சரி. உறை சரியாக இருந்தும் பெல்ட் தளர்ந்ததாக இருந்தால் பயனில்லை என்பதைச் சேர்க்கவே வந்தேன்.

கடையில் வாங்கும் பேஷன் பெல்ட்டுகள் பலவற்றின் உள்ளே அட்டை வைத்திருப்பார்கள். 700 கிராம் தொங்கினால் அது முறுக்கி, உறையின் மேல்பகுதி வெளியே சாயும். உட்கார்ந்ததும் குத்துவதற்கு அதுவே பாதிக் காரணம். 38 மில்லிமீட்டர் அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைத்த பெல்ட் வேண்டும். உறையின் வளையமும் அதே அகலத்தில் இறுக்கமாக இருக்கவேண்டும். அகலம் கூடினால் உறை பெல்ட்டில் மேலும் கீழும் நகரும்.

தோல் என்றால் பட்டைத் தோல்தான் கேட்டு வாங்கவேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை நம் பக்கத்தில் பழையது, ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று அதற்குப் புவிசார் குறியீடே உண்டு. இப்போது வாட்டில் மரப்பட்டைச் சாறும் பயன்படுத்துகிறார்கள். குரோம் முறையில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும். செருப்புக்கும் சட்டைக்கும் நல்லது. ஆனால் அது அச்சில் நிற்காது. துப்பாக்கியை வெளியே எடுத்ததும் உறையின் வாய் சுருங்கிக்கொள்ளும். திரும்ப வைக்கும்போது அந்தச் சுருங்கிய விளிம்பு விசைக்குள் மடிந்து நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைத் தோலில், வாயைச் சுற்றி இன்னொரு அடுக்கு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். விசைப் பகுதி முழுவதும் மூடியிருக்கவேண்டும். உறையில் வைப்பதும் எடுப்பதும் எழுந்து நின்றபின் மட்டுமே. இருக்கையில் உட்கார்ந்தபடி குனிந்து செய்யும் வேலை அன்று.

உங்கள் ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும் பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் பாணியைச் சேர்ந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் விலகும் அமெரிக்க ரிவால்வருக்குச் செய்த ஆயத்த உறை அதற்குப் பொருந்தாது. இடப்புறத்தில் கட்டைவிரலால் தள்ளும் தாழ்க்கோல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். குறுக்கு உறையில் அந்தப் பக்கம் வெளியே வருமா, வயிற்றைப் பார்க்குமா என்பதைத் தைப்பவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். தாழ்க்கோலின் மேல் பொத்தான் வார் அழுத்தாமல் இருக்க நான் வாரை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பேன்.

அச்சுப் பிடிக்கும் முறை எளியது. தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, குண்டுகள் அகற்றிய துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, விரலாலும் எலும்புக் கருவியாலும் அதன் வடிவத்தை அழுத்தி எடுப்போம். துப்பாக்கியை எடுத்துவிட்டு நிழலில் காயவைக்கவேண்டும். வெயிலில் காயவைத்தால் தோல் ஓடாகிவிடும். தடவிப் பார்க்கும்போதே விரல் உணரும். குறுக்கு உறை கேட்பவர்களுக்கு உடலை ஒட்டும் பின்பகுதியை நான் தட்டையாக விடுவதில்லை. தொந்தியின் வளைவுக்கு ஏற்ப அதைச் சற்றுக் குழிவாக்குவேன். பாதிக் குத்தல் அதிலேயே போய்விடும்.

மலையில் ஆனி, ஆடி மழைக்குத் தோல் ஈரம் குடிக்கும். ஈர உறையில் இரவெல்லாம் விட்டால் காலையில் இரும்பில் செம்புள்ளி காணும். வீடு வந்ததும் துப்பாக்கியைத் தனியே எடுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் இட்டுப் பூட்டுங்கள். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் விளிம்பு உட்கார்ந்திருப்பவரின் சதையை விட்டுக்கொடுக்காது. வெயிலில் அடைத்து நிறுத்திய வண்டியில் கழற்றி வைத்தால் நெளியவும் கூடும்.

பதில் 3: சித்தூர்க்காரர் (ஆந்திரம்), மாங்கூழ் வியாபாரி

இந்தப் பக்கத்தில் இரண்டு சித்தூர் வந்துவிட்டதால் குழப்பம் வேண்டாம். நான் வேலூருக்கு வடக்கே இருப்பவன்.

தோள் உறையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். ஆறு ஆண்டு பயன்படுத்தினேன். உட்காரும் வசதியை மட்டும் பார்த்தால் அதற்கு இணை கிடையாது. எடை இடுப்பை விட்டுத் தோளுக்குப் போகிறது, சீட் பெல்ட்டின் மடிப்பட்டையோடு தகராறில்லை, நாற்காலியிலும் சுகம். இருந்தும் விட்டுவிட்டேன். காரணம் இரண்டு. படுக்கை வசமாகத் தொங்கும் தோள் உறையில் குழல் நேராகப் பின்னால் பார்க்கும். ஒரு நாள் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த என் பேத்தி, "தாத்தா, அது என்னைப் பார்க்கிறது" என்றாள். அன்றே கழற்றினேன். குழல் தரையைப் பார்க்கும் செங்குத்து உறையும் உண்டு. அதை வாங்கிப் பார்த்தபோது இரண்டாவது காரணம் வந்தது. அதை மறைக்க மேலே கோட்டு வேண்டும். சித்தூர் வைகாசி வெயிலில் கோட்டு போட்டு மாங்காய் மண்டிக்குள் போனால், துப்பாக்கி இருப்பதைத் தமுக்கடித்துச் சொன்னது போலத்தான். போடிக்காரர் மேலே குளிரில் ஜெர்கின் போடலாம். கீழே இறங்கியதும் என்ன செய்வார்?

பத்தரை மணிக் கணக்கில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. தொந்தி உள்ளவர்களுக்குச் சாப்பிட்டபின் அந்த இடம் வேறாகிவிடுகிறது. காலையில் சரியாக இருந்த உறை மதியம் அழுத்தும். கட்டைச் சோதனையை வெறும் வயிற்றோடு செய்து ஏமாறாதீர்கள்.

பதில் 4: நகரி, பெட்ரோல் பங்க் நடத்துபவர்

அண்ணன்மார்கள் எல்லோரும் பெல்ட்டை வைத்தே பேசுகிறீர்கள். நான் சுடிதார் அணிபவள். பங்கின் பணத்தை வங்கிக்கு நானே காரில் கொண்டுபோகிறேன். என்னிடம் இருப்பது 500 கிராம் எடையுள்ள நிர்பீக் ரிவால்வர். வயிற்றைச் சுற்றும் அகலமான நெகிழ்பட்டை உறையைத்தான் அணிகிறேன். இடுப்பெலும்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே, உடலோடு ஒட்டி நிற்பதால் மடிப்பட்டை அதன் அடியில் தானாகப் படிகிறது. ஆனால் வெறும் துணிப் பட்டையில் விசையை வெளியிலிருந்தே விரலால் உணர முடிந்தது. எனவே உள்ளே கெட்டித் தோலில் விசை மூடி ஒன்றைத் தைத்துச் சேர்த்தேன். அப்படிச் சேர்க்காமல் யாரும் அணியவேண்டாம். வியர்வைக்கு உள்ளே பருத்தி பனியன் அவசியம்.

அண்ணா, நீங்கள் குமுளி, தேக்கடிப் பக்கமும் போகிறவராக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31 ஆவது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. உரிமத்தில் இரண்டு மாநிலம் எழுதியிருந்தாலும் அங்கே அது செல்லாது.

மீண்டும்: போடி ஏலத்தோட்டக்காரர்

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். பாலக்காட்டு ஐயா சொன்னபடி தோட்டத்துச் சில்வர் ஓக் துண்டில் கட்டை வெட்டி வாங்கினேன். எடைக்காக உள்ளே துளையிட்டு ஈயம் ஊற்றினார் தச்சர். பெல்ட்டின் உட்புறத்தில் பென்சிலால் விரலுக்கொரு கோடு போட்டு, ஆறு பயணத்தில் ஆறு இடம் பார்த்தேன்.

பத்தரையில் கியர் கை உரசவில்லை. சித்தூர் வியாபாரி சொன்னது போல மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடி வயிற்றில் ஏறியது. இடப்பக்கம் ஒரு விரல் தள்ளி, கட்டையை அரை அங்குலம் உயர்த்தியபோது இரண்டும் தீர்ந்தன. பத்தே கால் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டோர் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் எழுந்தபோது இடுப்பைத் தடவவில்லை. இன்னொன்றும் புரிந்தது. உறை குத்துகிறது என்பதற்காக இத்தனை நாள் மடிப்பட்டையைத் தளர்த்தியே மாட்டிவந்திருக்கிறேன்; கவனிக்கவே இல்லை.

கட்டையையும் பென்சில் கோடு போட்ட பெல்ட்டையும் திண்டுக்கல்லில் ஒரு தோல் தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். பட்டைத் தோல், வாய்க்கு இரட்டை அடுக்கு, தாழ்க்கோலுக்கு இடம், பின்புறம் குழிவு ஆகிய நான்கையும் எழுதியே கொடுத்தேன். அச்சுப் பிடிக்கும் நாளில் ரிவால்வரோடு நானே போய் உட்கார வேண்டும் என்றிருக்கிறார். அதுவரை ரிவால்வர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கங்காணி கீழே இறங்கி வந்து என்னோடு வண்டியில் ஏறிக்கொள்கிறார்.